கைக்குப் பட்ட கடன்

கருவி செய்யத் தெரிந்த உயிர் மனிதன். கல்லைக் கூராக்கிக் கையில் ஏந்திய நாள்தொட்டு அவனுடைய வரலாறு கருவிகளின் வரலாறாகவே வளர்ந்து வந்துள்ளது. மண்வெட்டி அவன் தோளுக்கு வலுவூட்டிற்று. சக்கரம் அவன் காலுக்கு விரைவளித்தது. கண்ணாடி வில்லை அவன் கண்ணுக்குக் கூர்மை தந்தது. ஆயினும் இவை யாவும் மனிதன் ஏந்தினால் இயங்கும். அவன் கீழே வைத்தால் கிடக்கும். இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய தானியங்கி இயந்திரங்களோ ஏந்தும் கையையே வேண்டாதவை. உறுப்பை எடுத்து, உரிய இடம் பார்த்துப் பொருத்தி, திருகாணியை முடுக்கி, சரிபார்த்து, அடுத்த பொருளுக்குச் செல்லும் வேலை முழுவதையும் அவை தாமே செய்கின்றன. அனைத்துலக ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2023-ஆம் ஆண்டில் உலகத் தொழிற்சாலைகளில் இயங்கிய இத்தகைய இயந்திரங்களின் தொகை 42 இலட்சத்திற்கும் மேல். அதே ஆண்டில் நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில், உற்பத்தித் துறைப் பணியாளர் 10,000 பேருக்கு 770 இயந்திரங்கள் இருந்தன. தென்கொரியாவிற்கு அடுத்து உலகில் இரண்டாம் இடம் இதுவே.

இவ்வியந்திரங்களைப் பற்றி இருவகைப் பேச்சு நம்மிடையே வழங்குகின்றது. ஒரு சாரார் இவற்றை வரம் என்பர். களைப்பறியாமல் உழைக்கின்றன, பிழையின்றிச் செய்கின்றன, நாட்டின் செல்வத்தைப் பெருக்குகின்றன என்பர். மற்றொரு சாரார் இவற்றைச் சாபம் என்பர். ஏழையின் வாய்ச்சோற்றைப் பறிக்கின்றன என்பர். இருசாராரும் இயந்திரத்தையே பார்த்துப் பேசுகின்றனர். இயந்திரத்திற்கு அறமும் இல்லை, மறமும் இல்லை. அறம் என்பது மனிதர்க்கும் மனிதர்க்கும் இடையே நிகழ்வது. ஆகவே நாம் கேட்க வேண்டிய வினா வேறு. இயந்திரத்தால் பயன் பெற்றவர் யாவர்? அப்பயனுக்கு மூலமாய் நின்றவர் யாவர்? முன்னவர் பின்னவர்க்கு ஏதேனும் கடன்பட்டுள்ளனரா? இவ்வினாவையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

பெயரில் உறையும் வரலாறு

செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகம் ஒன்றின் வாயிலாகவே 'ரோபோ' என்னும் சொல் உலகிற்கு அறிமுகமாயிற்று. அச்சொல்லைத் தமக்கு எடுத்துக் கொடுத்தவர் ஓவியராகிய தம் தமையனார் யோசெப் என்று அவரே கூறியுள்ளார். செக் மொழியில் 'ரொபோட்டா' என்பது, குடியானவன் தன் நிலக்கிழானுக்குக் கூலியின்றிச் செய்து தீர வேண்டிய கட்டாய உழைப்பைக் குறித்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வழங்கப்பெறுவதும் அத்தகைய கூலியில்லா உழைப்பே. 'வெட்டி வேலை' என்று நாம் இன்று பயனற்ற வேலையைக் குறிக்கும்போது, அச்சொல்லுக்குள் பழைய உழைப்பாளியின் பெருமூச்சு மறைந்து கிடப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இயந்திர மனிதனின் பெயருக்குள்ளும் அதே பெருமூச்சு உறைந்து கிடக்கின்றது. ஒருவன் உழைக்க மற்றொருவன் கொள்ளும் உறவிலிருந்தே அப்பெயர் பிறந்தது.

கதையில் பிறந்த இயந்திர மனிதன் தொழிற்சாலைக்குள் நுழைந்தது 1961-ஆம் ஆண்டில். ஜார்ஜ் டெவோல் என்னும் அமெரிக்கர் 1954-இல் உரிமம் கோரி விண்ணப்பித்த கண்டுபிடிப்பை, ஜோசப் எங்கல்பெர்கர் தொழில்முறையில் உருவாக்கினார். 'யூனிமேட்' எனப் பெயர் பெற்ற அவ்வியந்திரம், நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்றில் அமர்த்தப்பெற்றது. அச்சில் வார்த்தெடுத்த கொதிக்கும் உலோகத் துண்டுகளை எடுத்து அடுக்குவது அதன் பணி. அனலும் நச்சுப் புகையும் சூழ்ந்த இடம் அது. சற்றே கவனம் பிசகினால் கை வெந்து போகும். விரல் நசுங்கிப் போகும். அவ்விடத்தில் மனிதனை நிறுத்தி வைக்காமல் இரும்புக் கையை நிறுத்தியதை யார் குறை கூற இயலும்? இயந்திரமே கூடாது என்று வாதிடுவோர் இந்த உலைக்களத்தின் முன் ஒரு நாழிகை நின்று பார்த்தல் வேண்டும். மனிதனுக்குத் தீங்கு தரும் வேலையிலிருந்து மனிதனை விடுவிப்பது அறமே என்பதில் ஐயமில்லை. விடுவிக்கப்பட்டவன் எங்கே சென்றான் என்பதில்தான் சிக்கல் தொடங்குகின்றது.

கற்பித்தவர் யார்?

இயந்திரம் தன் திறமையை எங்கிருந்து பெற்றது என்பதை முதலில் காண்போம். நார்வே நாட்டின் தென்மேற்கே பிரீனே என்னும் சிற்றூரில் 'டிரால்ஃபா' என்ற பெயருடைய தொழிற்சாலை ஒன்று ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளைச் செய்து வந்தது. அவ்வண்டிகளுக்குச் சாயம் தெளிக்கும் வேலைக்குப் போதிய ஆள் கிடைக்கவில்லை. எனவே 1960-களின் பிற்பகுதியில் அங்கேயே சாயம் தெளிக்கும் இயந்திரக் கை ஒன்றை உருவாக்கினர். அதற்கு வேலை கற்பித்த முறை நம் சிந்தனைக்குரியது. தேர்ந்த சாயத் தொழிலாளி ஒருவர் அவ்வியந்திரக் கையின் நுனியைப் பற்றிக்கொண்டு, வழக்கம்போல் ஒரு வண்டிக்குச் சாயம் தெளிப்பார். மேட்டில் சற்றே விலகியும், மூலையில் நெருங்கியும், வளைவில் மணிக்கட்டைத் திருப்பியும் அவர் செய்யும் ஒவ்வோர் அசைவும் இயந்திரத்தின் நினைவில் பதிந்துவிடும். பின்னர் அவர் கையை எடுத்துவிடலாம். இயந்திரம் அவருடைய அசைவுகளையே எத்தனை முறையும் திரும்பத் திரும்பச் செய்யும்.

சிறு குழந்தையின் விரலைப் பற்றி அரிசியில் 'அ' எழுதச் செய்யும் ஆசிரியரை நாம் அறிவோம். இங்கும் நிகழ்ந்தது ஏறத்தாழ அதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆசிரியர் கற்பித்தபின் மாணவரும் அறிவுடையவராகிறார். ஆசிரியரும் ஆசிரியராகவே இருக்கின்றார். இங்கோ மாணவன் கற்று முடித்த அன்றே ஆசிரியரின் தேவை முடிந்துவிடக்கூடும்.

எல்லா இயந்திரங்களும் இவ்வாறு கைப்பிடித்துக் கற்றவை அல்ல என்று கூறலாம். உண்மையே. பெரும்பாலானவை கணினிக் கட்டளைகளால் இயங்குகின்றன. ஆனால் அக்கட்டளைகளை எழுதுவோர்க்கு முன்னே, தொழிலாளியின் அசைவுகளை அளந்து குறித்து வைத்தவர் பலர் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் பிரடெரிக் டெய்லர் 1911-இல் வெளியிட்ட மேலாண்மை நூலில், தொழிலாளரிடம் வழிவழியாக இருந்து வந்த அறிவையெல்லாம் நிருவாகத்தார் திரட்டி, வகைப்படுத்தி, விதிகளாக்கிக் கொள்ள வேண்டும் என்னும் கருத்தைத் தெளிவாகவே வைத்தார். கையிலிருந்து காகிதத்திற்கு வந்த அறிவு பின்னாளில் காகிதத்திலிருந்து கணினிக்குச் சென்றது. உறுப்புகளைப் பொருத்தும் தொழிலுக்கென ஜப்பானின் யமனாஷிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி மக்கினோ 1978-இல் உருவாக்கி, 1981 முதல் சந்தைக்கு வந்த இயந்திரக் கையை நோக்குங்கள். தோளும் முழங்கையும் போல் இரண்டு மூட்டுகள் கிடைமட்டத்தில் இளகி அசையும். மேலிருந்து கீழே அழுத்தும்போது மட்டும் விறைப்பாக நிற்கும். உறுப்பைத் துளைக்கு நேரே கொண்டு சென்று, சற்றே இசைந்து கொடுத்து, பின் உறுதியாக அழுத்துவது பொருத்துநர் ஒவ்வொருவரின் கையும் நாளெல்லாம் செய்யும் செயலே அன்றோ?

பினாங்கில் நிகழ்ந்தது

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1972-இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவிற்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கே நிறுவியது. வேறு பல நிறுவனங்களும் அக்காலத்தே வந்தன. மலாய்க் கம்பங்களிலிருந்தும், நகர்ப்புறச் சீனக் குடும்பங்களிலிருந்தும், தோட்டப்புற லயங்களிலிருந்தும் பல்லாயிரம் இளம்பெண்கள் அத்தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தனர்.

அவர்களுள் பலர் செய்த வேலை கம்பி இணைத்தல். கடுகளவான சில்லின் விளிம்பிலுள்ள புள்ளியிலிருந்து வெளிச்சட்டத்தின் கால் வரைக்கும், ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கே தடிப்புள்ள பொற்கம்பியை இழுத்து ஒட்ட வேண்டும். தலைமயிரினும் மெல்லிய கம்பி அது. நுண்ணோக்கியின் வழியே இமை கொட்டாமல் பார்த்து, விரலின் சிறு நடுக்கமும் தெரியாமல் இயக்கி, ஒன்றை முடித்து மற்றொன்றைத் தொட வேண்டும். நாள் முழுதும் இதுவே பணி. கண் எரிச்சலும் தலைவலியும் அப்பணியோடு வந்தன. அப்பெண்களை அந்நாளில் 'திறனற்ற தொழிலாளர்' என்னும் வகையில் சேர்த்தே சம்பளம் வழங்கினர். கல்லூரியில் கற்காத திறமையைத் திறமை என்று மதிக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் குறைவு.

பின்னர்ப் படக்கருவியும் கணினியும் பூட்டிய இணைப்பு இயந்திரங்கள் வந்தன. சில்லின் உருவை அவை தாமே கண்டறிந்து, ஒரு நொடிக்குள் பல கம்பிகளை இணைத்தன. வரிசையாக நிற்கும் பல இயந்திரங்களை ஒருவரே கவனித்துக்கொள்ளும் நிலை வந்தது. 1985, 1986-ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தின்போது மின்னணுத் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். தொழில் மீண்டும் தழைத்தது. புதிய வேலைகளும் பிறந்தன. ஆயினும் அப்புதிய வேலைகள் தொழில்நுட்பக் கல்வி பெற்றோரையே பெரிதும் நாடின. பத்தாண்டுகள் நுண்ணோக்கியின்மேல் குனிந்திருந்தவளுக்குக் கிடைத்தது என்ன? மின்னணுத் தொழிலாளர்க்கு நிறுவன அளவிலான சங்கங்களை அரசு அனுமதித்ததே 1988-இல்தான். வட்டார அளவிலான சங்கங்கள் 2009-இல் வந்தன. கடன் கேட்கும் உரிமையுடையவர்க்குக் கேட்கும் வாய் அதுகாறும் இல்லை.

மூன்று மறுப்புகள்

'கடன்' என்று கூறுவதை ஏற்காதோர் மூன்று மறுப்புகளை எழுப்புவர். அவற்றை நேர்மையுடன் எதிர்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது மறுப்பு: உழைத்தவர்க்கு அன்றன்றே கூலி கொடுத்தாயிற்று; கணக்கு முடிந்தது; இனி என்ன கடன்? இதற்கு விடை காண்பது எளிது. கூலி அன்று செய்த பொருளுக்குக் கொடுக்கப்பட்டது. செய்யும் விதத்தை அறிந்துகொண்டு, அவ்வறிவை இயந்திரத்தில் பதித்து, அவர் சென்ற பின்பும் ஆண்டாண்டாய்ப் பயன் கொள்வதற்கு யாரும் தனியே விலை பேசவில்லை. மரத்திலிருந்து உதிர்ந்த பழத்திற்கு விலை கொடுத்தவன், விதையையும் எடுத்துச் சென்று தோப்பே வளர்த்துக்கொண்டான் எனில், பழத்தின் விலை தோப்பின் விலையாகி விடுமா?

இரண்டாவது மறுப்பு: இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் பொறியாளர், முதலீடு செய்தவர் முதலாளி, தொழிலாளிக்கு அதில் பங்கேது? பொறியாளரின் அறிவையும் முதலீட்டாளரின் துணிவையும் நாம் மறுக்கவில்லை. அவர்களுக்கு உரிமப் பணமும் இலாபமும் உண்டு. ஒரு செயலுக்கு மூவர் துணைநின்றிருக்க, இருவர்க்கு மட்டும் பங்களித்துவிட்டு மூன்றாமவரை வெளியே நிறுத்துவது எவ்வகை நீதி என்பதே நம் வினா.

மூன்றாவது மறுப்பே வலியது. இயந்திரத்தை ஏற்காத நாடு போட்டியில் பின்தங்கும். தொழிற்சாலையே வேறு நாட்டிற்குச் சென்றுவிடும். அப்போது ஒருவருக்கும் வேலை இராது என்பர். இது உண்மை. 1811-ஆம் ஆண்டு முதலாக இங்கிலாந்தில் நெசவாளர் இயந்திரங்களை உடைத்தனர். 1812-இல் அச்செயலுக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. இயந்திரங்களோ பெருகிக்கொண்டே சென்றன. உடைப்பதால் பயனில்லை என்பதை வரலாறு காட்டிவிட்டது. ஆனால் இம்மறுப்பு இயந்திரத்தை ஏற்க வேண்டும் என்பதை மட்டுமே நிறுவுகின்றது. கடனைத் தீர்க்க வேண்டா என்பதை அது நிறுவவில்லை. மருத்துவரிடம் செல்வது தேவை என்பதால் மருத்துவர்க்குப் பணம் கொடுக்க வேண்டா என்று யாரேனும் வாதிடுவரா?

கடனும் ஈகையும்

வேலையிழந்தோர்க்கு உதவ வேண்டும் என்பதை இன்று எல்லாருமே ஒப்புக்கொள்வர். அதை 'உதவி' என்று சொல்லும்போது ஈகையாகின்றது. 'கடன்' என்று சொல்லும்போது நீதியாகின்றது. இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று. ஈகையில் கொடுப்பவன் அளவை முடிவு செய்கின்றான். கொள்பவன் குனிந்து நிற்கின்றான். கடனிலோ கொள்பவன் நிமிர்ந்து நின்று கேட்கின்றான். ஈகை நல்ல காலத்தில் பெருகும். கெட்ட காலத்தில் வற்றும். கடனுக்குக் காலம் இல்லை. திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு மற்றோர் அதிகாரமும் தனித்தனியே வகுத்துள்ளார். நன்றியறிதலை ஈகையோடு சேர்த்து மயங்குதல் கூடாது என்பதற்கு அப்பகுப்பே சான்றாகும்.

நம் நாட்டின் ஏற்பாடுகளை இவ்வளவுகோல் கொண்டு நோக்குவோம். 2018 சனவரி முதல் நடப்பிலிருக்கும் வேலைக் காப்புறுதித் திட்டத்தின்கீழ், வேலையிழந்தோர் சில மாத காலம் உதவித்தொகை பெறுகின்றனர். வேலை தேடுவதற்கும் பயிற்சிக்கும் வழிசெய்யப்படுகின்றது. வரவேற்கத்தக்க திட்டம் இது. ஆயினும் இதற்குத் தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் ஆளுக்கு 0.2 விழுக்காடு சந்தா கட்டுகின்றனர். அதாவது, தமக்கு வரக்கூடிய இழப்பிற்குத் தொழிலாளியே சரிபாதி முன்பணம் கட்டிவிடுகின்றார். காப்புறுதி என்ற அளவில் அது சரியே. கடன் தீர்த்தல் என்று அதைக் கூற இயலாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஏற்பட்ட மனிதவள மேம்பாட்டு நிதி முதலாளிகளின் பணத்தால் நடப்பது. அதன் பயிற்சி பெரும்பாலும் பணியில் நீடிப்போர்க்கே கிட்டுகின்றது.

கடனைத் தீர்க்கும் வழிகள் பல. ஒன்று, இயந்திரம் வரும் முன்னரே, பழைய கைகளுக்குப் புதிய வேலையைச் சம்பளத்தோடு கற்பித்தல். மற்றொன்று, மிச்சமாகும் நேரத்தைப் பகிர்தல். பொருளியலறிஞர் கெயின்ஸ் 1930-இல் எழுதிய கட்டுரையில், நூறாண்டுகளில் மனிதர் வாரத்திற்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தாலே போதும் என்னும் நிலை வரலாம் என எதிர்பார்த்தார். அந்நூறாண்டு நிறைவை நாம் நெருங்கிவிட்டோம். செல்வம் அவர் எண்ணியவாறே பெருகியுள்ளது. ஓய்வோ எல்லார்க்கும் பரவவில்லை. சிலர்க்கு வேலையே இல்லை. சிலர்க்கு வேலை முடிவதே இல்லை.

மூன்றாவது வழி உடைமையில் பங்கு. இதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. 1950-களின் பிற்பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, இரண்டு மூன்று தலைமுறையாய்ப் பால்மரம் வெட்டியவர்கள் வேலையை மட்டுமின்றி வீட்டையும் இழக்கும் நிலைக்கு வந்தனர். மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாமல் சீவும் நுட்பம் அவர்கள் கையில் இருந்தது. தோட்டமோ பிறர் கையில் இருந்தது. அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அங்கே தோட்டத்தைத் துண்டாடியது இயந்திரம் அன்று. எனினும் கைத்திறனை மட்டும் உடைமையாகக் கொண்டவன் எத்துணை எளிதில் வெளியே தள்ளப்படுவான் என்பதையும், உடைமையில் பங்குடையவன் எவ்வாறு நிலைத்து நிற்பான் என்பதையும் அவ்வரலாறு நமக்குக் காட்டுகின்றது. தோட்டத்தில் இயன்றது இயந்திரத்தில் இயலாதா என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கை மறந்தால்

கடனைத் தீர்ப்பது கடன்பட்டவர்க்கும் நன்மையே. டொயோட்டா நிறுவனம் தன் தொழிற்சாலைகள் சிலவற்றில், இயந்திரங்கள் செய்துவந்த வேலைகளைத் தேர்ந்தெடுத்து மீண்டும் மனிதக் கைகளால் செய்வித்துப் பயிற்சியளித்தது பற்றி 2014-இல் செய்திகள் வெளிவந்தன. உலோகத்தைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் வேலையும் அவற்றுள் ஒன்று. காரணம் எளியது. இயந்திரம் கற்றதைத் திரும்பச் செய்யுமேயன்றித் தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது. அவ்வேலையைக் கையால் செய்தறிந்தவர் இருந்தால்தான், எங்கே உலோகம் வீணாகின்றது, எந்த அசைவு மிகையானது என்பதைக் கண்டு இயந்திரத்தைச் சீர்செய்ய முடியும். கற்பித்த தலைமுறையை வெளியே அனுப்பிவிட்டு மாணவனை மட்டும் வைத்துக்கொண்ட தொழிற்சாலை, காலப்போக்கில் தன் வேலையின் பொருளையே மறந்துவிடும்.

இவ்வளவும் தொழிற்சாலையின் செய்தி, தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் என்ன என்று சிலர் கருதலாம். இயந்திரத்தின் கை இன்று தொழிற்சாலையின் மதிலைத் தாண்டிவிட்டது. மனிதர் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து மொழியைக் கற்று, கட்டுரையும் கடிதமும் வரையும் கணினிகள் வந்துவிட்டன. அன்று சாயத் தொழிலாளி நின்ற இடத்தில் இன்று எழுதுவோரும் கற்பிப்போரும் நிற்கின்றனர். நுண்ணோக்கியின்மேல் குனிந்திருந்த பெண்ணின் வழக்கும் நம் வழக்கும் ஒன்றாகிவிட்டன. அவளுக்குக் கடன் உண்டு என்று அன்றே சொல்லியிருக்க வேண்டிய சமுதாயம், இன்றேனும் அதைச் சொல்லப் பழகுதல் வேண்டும்.

நம் மாணவர்கள் நாளை தொழில்நுட்பராகவும் பொறியாளராகவும் தொழிலதிபராகவும் விளங்குவர், விளங்கவும் வேண்டும். இயந்திரத்தை இயக்கும் அறிவைத் தொழிற்கல்வி அவர்களுக்கு நல்கும். அவ்வியந்திரத்தினுள் யாருடைய கை அசைகின்றது என்று கேட்கும் உள்ளத்தை நல்க வேண்டியது மொழிக்கல்வியின் பொறுப்பு. புதிய இயந்திரம் ஒன்றைத் தொழிற்சாலையில் நிறுவும் நாளில், அதற்கு ஆகும் செலவையும் வரும் இலாபத்தையும் கணக்கிடும் ஏட்டில், 'இவ்வேலையை இதுவரை செய்தவர்க்குரியது' என்று மூன்றாவது பத்தி ஒன்றையும் வரைந்து நிரப்பும் பொறியாளர் ஒருவரேனும் நம் வகுப்பறையிலிருந்து எழுவாரானால், நாம் கற்பித்த அறம் ஏட்டளவில் நில்லாது நாட்டில் நடமாடத் தொடங்கிற்று எனலாம்.